கோணாத சால்

முதலில் கேஸ் கசிகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, சிலிண்டர் வாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. பஸ் வந்து நின்றபோது ஜன்னலோரம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருடைய கடையையே முறைத்தார்கள்.

"என்னை ஏன்யா பாக்குறீங்க? நான் என்ன பண்ணேன்?" என்று அவர் கையை விரித்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரேடியோ சிரித்தான். யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூடினாலும் அவன் வாயில் ஒலிபரப்பாகிவிடும், அதனால் அந்தப் பெயர். "அண்ணே, அடுப்ப நோண்டாதீங்க. ரோட்டுக்கு அந்தப்பக்கம் பாருங்க. முள்ளங்கி அழுகுது."

எல்லோரும் திரும்பினார்கள். எதிரே இருந்த வயலில் முள்ளங்கியும் சணப்பும் கலந்து இடுப்பளவு நின்றன. வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவுமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உள்ளே ஒரு ஆள் படுத்துக்கிடந்தாலும் தெரியாது. முற்றிப்போன கிழங்குகள் தோள் தெரிய மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. சிலது வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, நாற ஆரம்பித்திருந்தது.

அந்த வயல்காரன் இதே பெஞ்சின் கடைசியில்தான் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தான். பார்வையெல்லாம் தன் மேல் திரும்பியதும் அவன் காது சிவந்துவிட்டது.

"என்னைக் கேக்காதீங்கப்பா," என்றான். "அது நம்ம வேலை இல்ல. எல்லாம் வீட்டுல இருக்கறவளோட கிறுக்கு. பொம்பள ஏதோ ஆசைப்படுறான்னு விட்டுட்டேன்."

பெஞ்சே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தான்.

அவனை எல்லோரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன். வாலிப வயதில், அவன் உழுத சால் கோணல் என்று ஒருத்தர் சொல்லப்போக, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நிஜமாகவே நூல் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சால் நூலோடு ஒட்டிப் போயிற்று. அன்றைக்கு விழுந்த பெயர். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் அவனைக் கூப்பிடாமல் உழவு கிடையாது. மழை விட்டதும் போன் அடிக்கும். இந்த வயல் முடிந்தால் அடுத்த வயல், ஈரம் காயுமுன் எல்லாருக்கும் ஓட்டியாக வேண்டும். அவன் ஓட்டிவிட்டு இறங்கினால் வயல் வாரிவிட்ட தலைபோல இருக்கும். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. இருக்கக்கூடாதா என்ன?

அப்பேர்ப்பட்டவனுடைய சொந்த வயல், அதுவும் ரோட்டோரத்தில், பஸ்ஸில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கிற இடத்தில், காடாய்க் கிடந்தது.

சொந்த வயல் என்று சொன்னாலும் அது அவன் மனைவியுடையது. பாகம் பிரித்தபோது அவளுடைய அண்ணன், "தங்கச்சிக்கு ரோட்டோர நிலம்தான் வசதி" என்று நல்லதாகப் பார்த்து எழுதிக்கொடுத்தது. நூலுக்கு அந்த வசதி வேறு விதமாகப் பட்டது. ரோட்டோரம் என்பதால் டிராக்டரை அங்கேயே நிறுத்தினான். அறுவடைக் காலத்தில் ஊர் மக்காச்சோளமெல்லாம் அங்கேதான் டிரெய்லரில் ஏறும். லாரி உள்ளே வந்து திரும்பும். கதிரறுக்கும் மெஷின் வந்தால் அங்கேதான் படுக்கும். அறுவடை முடிந்ததும் ஒரு உழவு ஓட்டி விதை போட்டுவிட்டால் மேலே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் பயிர் வரவில்லை. முளைத்தது, முழங்கால் அளவு வந்தது, மஞ்சளாகி நின்றது. ஒரு தூறல் போட்டால் தண்ணீர் குட்டையாகத் தேங்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் இலை சுருளும். உரம் போட்டுப் பார்த்தான், விதையை மாற்றிப் பார்த்தான், விதைக்கடைக்காரனைத் திட்டிப் பார்த்தான்.

கடைசியில் அவன் மனைவிதான் ஒரு செடியைப் பிடுங்கி அவன் சாப்பிடுகிற இடத்துக்கே கொண்டுவந்து காட்டினாள். வேர் ஒரு சாண் இறங்கி, அங்கே எதிலோ முட்டி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"இதப் பாருங்க. கீழ போக வழியில்லாம மடங்கிக்கிச்சு."

"சாப்பிடும்போது மண்ணக் கொண்டுவந்து உதறுறியே. அப்புறம் பாக்கலாம் போ."

அவள் அப்புறம் என்று விடுகிறவள் இல்லை. வேளாண் ஆபீஸுக்குப் போய் அங்கிருந்த பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு கம்பி வைத்திருந்தாள். முனை கூராகவும் மேலே பிடி வளைத்தும் இருந்தது. மழை பெய்து மண் நனைந்திருந்த நாள். கம்பியை வயலில் நட்டு அழுத்தினாள். ஒரு சாண் வெண்ணெயாக இறங்கியது. அப்புறம் நின்றது. நூல் வாங்கித் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். கம்பிதான் வளைந்தது.

"அடியில மண்ணு இறுகித் தளம் போட்ட மாதிரி ஆயிடுச்சுங்க," என்றாள் அந்தப் பெண். "ஈரத்துல பாரம் ஏறினா இப்படித்தான் ஆகும். இங்க வண்டி கிண்டி நிறுத்துவீங்களா?"

"எப்பவாவது," என்றான் நூல்.

அவனுக்குப் பின்னால் டிராக்டரும் டிரெய்லரும் வயலுக்குள் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பெண் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். அவன் மனைவியும் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து, "எப்பவாவதா? பொய் சொல்லாதீங்க" என்று கத்தியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

வழியும் அந்தப் பெண்ணே சொன்னாள். நீள முள்ளங்கி விதையும், தழையுரத்துக்குச் சணப்பு விதையும் கலந்து தூவ வேண்டும். முள்ளங்கி அந்தத் தளத்தைக் குத்தி இறங்கும். அதைப் பிடுங்கக்கூடாது, உழக்கூடாது. பூத்ததும் தழையை அரிவாளால் அறுத்து அங்கேயே பரப்பிவிட வேண்டும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகினால் அது இருந்த இடம் ஓட்டையாகும். அடுத்த பயிரின் வேரும் மழைத்தண்ணீரும் அந்த ஓட்டை வழியே இறங்கும். "முக்கியமா, வண்டியே உள்ள வரக்கூடாதுங்க. அதுலயும் ஈரமா இருக்கும்போது வரவே கூடாது."

அந்தச் சமயத்தில்தான் செங்கல் சூளைக்காரரும் வாசலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். விளையாத நிலம் எதற்கு, மேல்மண்ணை எனக்கு விட்டுவிடுங்கள் என்பது அவர் பாட்டு. மண்ணை வெட்டிக்கொண்டு போனபின் அது வயல் இல்லை, பள்ளம். நூலுக்கு அதிலும் ஒரு சபலம் இருந்தது. அவள் ஒரே பேச்சாகப் பேசிவிட்டாள்:

"எனக்கு ஒரு போகம் விடுங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க உள்ள கால் வைக்கக் கூடாது. அப்பவும் கம்பி இறங்கலேன்னா சூளைக்காரருக்கே குடுத்துடலாம், நானே கையெழுத்துப் போடுறேன். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சரி என்றான். டிராக்டரை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனான்.

அன்றிலிருந்து அவள் முகமே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலை வயல். வந்து கதை சொல்வாள். "இன்னைக்கு ஒண்ணப் பக்கத்துல தோண்டிப் பாத்தேங்க. கிழங்கு மேல என் கைத்தண்டி, கீழ வால் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. ஒரு சாணத் தாண்டிடுச்சு! வந்து பாருங்களேன்." அவன் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழம்புக்கு நாலு முள்ளங்கி கேட்டார்கள். அவள் தரவில்லை. "இது தின்னறதுக்கு இல்லக்கா" என்றாளாம். ஊர் விடுமா? கிழங்கைப் போட்டு அழுகவிடுகிறாள், கேட்டால் கொடுக்கவும் மனமில்லை, வைக்கோல்போர் நாய் என்று பேச்சு கிளம்பியது. உழவு ஓட்டக் கூப்பிடுகிறவர்களும், "என்ன நூலு, ஊருக்கெல்லாம் முடி வெட்டுற, உன் தலை பரட்டையாக் கெடக்கே" என்று கேட்டுவிட்டுத்தான் இடத்தையே காட்டினார்கள். அங்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான். எல்லாம் வீட்டில் இருக்கிறவளுடைய கிறுக்கு.

இந்த நேரத்தில் அவளுடைய அக்கா படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். சமைத்துப்போட ஆள் இல்லை என்று இவள் கிளம்பினாள். போகும்போது அரிவாளைத் தீட்டி அடுப்படி மூலையில் சாத்தி வைத்தாள். "நான் வந்ததும் தழைய அறுத்துடலாம். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

அங்கிருந்து ஒரு நாள் போன் வந்தது. "அண்ணனும் இங்கதாங்க இருக்காரு. நாளைக்கு என்கூடவே வர்றாரு. வயலப் பாக்கணுமாம்."

"எதுக்குப் பாக்கணும்?"

"பாக்கணுமாம். வந்து சொல்றேன், இங்க பால் பொங்குது."

போன் வைக்கப்பட்டது. மச்சான் லேசான ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, "டிராக்டர் ஓட்டுறவனுக்கு மண்ணோட அருமை தெரியுமா?" என்று கேட்டவர். அது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நூலின் காதில் இருந்தது. பார்க்க வருகிறாராம். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ரேடியோவாகத்தான் இருக்கும். நல்ல நிலத்தை எழுதிக்கொடுத்தேனே, இப்படி நாற வைத்திருக்கிறாயே என்று ரோட்டில் நின்று கேட்பார், டீக்கடை முழுக்க வேடிக்கை பார்க்கும்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வயலோரம் போய் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தான். உருண்டை பிடித்தது. நசுக்கினால் உதிரவில்லை, சோப்பு மாதிரி பளபளவென்று வழுக்கியது. இந்தப் பதத்தில் வண்டியை விடக்கூடாது என்பது தொழிலுக்கு வந்த அன்றைக்கே தெரிந்த விஷயம். அந்த ஆபீஸ் பெண் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உருண்டையை வரப்பில் எறிந்துவிட்டுப் போய் டிராக்டரை எடுத்து வந்தான்.

முதலில் சுழல் கத்தி வைத்த ரோட்டவேட்டரைப் பூட்டித் தழையையெல்லாம் அடித்தான். முள்ளங்கி சதக் சதக்கென்று உடைந்தது. நாற்றம் ஆளைத் தூக்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டான். பிறகு கலப்பையை மாட்டி நேராக ஒரு சால் பிடித்தான். சக்கரம் வழுக்கியது. கியரைக் குறைத்து, வண்டியை மிதித்து இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது கலப்பையின் கொழு போன இடத்தில் மண் அடைபட்டுப் பளிங்குபோல மினுங்கியது. ஐயோ என்று ஒரு நிமிஷம் மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் சால் நேராக இருந்தது. அவ்வளவு நேராக இருந்தது! அதைப் பார்த்ததும் கை தானாக அடுத்த சாலுக்குத் திருப்பிவிட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும் வண்டி திரும்ப இடமில்லை. அதை மறைத்துக்கொள்ள ரூம் இருக்கிறதே என்று விட்டுவிட்டான்.

இறங்கியபோது டீக்கடைக்காரர் ரோட்டுக்கு வந்து நின்று பார்த்தார்.

"இப்பதான்யா இது நூலோட வயலு. வா, டீ குடி."

அந்த டீ நன்றாகத்தான் இருந்தது.

பஸ் வந்தது. முதலில் அவள் இறங்கினாள், பின்னால் அவள் அண்ணன். அவர் கையில் ஒரு காலிச் சாக்கு மடித்து இருந்தது. அவள் பேசிக்கொண்டே இறங்கினாள், "அதோ எதிர்லதான் அண்ணா, பூவே தெரியும் பாரு" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"வாங்க மச்சான்," என்று நூல் ஓடிவந்தான். "வாங்க வாங்க. பாருங்க, எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. நீங்க வர்றீங்கன்னு காலைலயே வண்டிய விட்டேன்."

மச்சான் வயலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "இதுவா?" என்றார். "முள்ளங்கி எங்க மாப்பிள்ளே?"

"உழுதாச்சு மச்சான்."

"நான் அதப் பாக்கத்தான வந்தேன்!" அவர் குரலில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "என் வயலும் இதே கதிதான். கதிர் மெஷின விட்டு விட்டு, அடியில பாறையாப் போச்சு. இவ ராத்திரியெல்லாம் கத சொல்றா. முள்ளங்கி தளத்த ஓட்ட போட்டுடுச்சு, கம்பி முழங்கை ஆழம் இறங்குது, வந்து பாருன்னு. பக்கத்துல விதைக்கு நாலு காய் விட்டுருப்பா, வாங்கிட்டுப் போலாம்னு சாக்கு கூட எடுத்துட்டு வந்தேன்."



அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். கணுக்கால்வரை சேறு. சாலோரம் குனிந்து, பளபளத்த மண்ணை விரலால் தொட்டாள். நசுங்கிய ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஆபீஸ் பெண் விட்டுப்போனதை நிமிர்த்தி மோட்டார் ரூமில் சொருகி வைத்திருந்த கம்பியைக் கொண்டுவந்து சாலில் குத்தினாள். ஒரு சாண். அதற்குமேல் இம்மிகூட இல்லை. அவள் பின்பக்க மூலைக்குப் போனாள். அண்ணனும் போனார். நூலும் போகத்தான் வேண்டியிருந்தது. அங்கே பிழைத்து நின்ற கொஞ்சம் முள்ளங்கிக்கு நடுவில் கம்பியை நட்டு, ஒரே கையால், ஒரு குழந்தையைத் தோளில் தட்டுகிற அளவுக்குத்தான் அழுத்தினாள். கம்பி இறங்கிக்கொண்டே போய், மேலே வளைந்திருந்த பிடி மண்ணைத் தொட்டது.

மூன்று பேரும் அந்தப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் நிமிர்ந்து உழுத வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"நல்லா நேரா இருக்கு," என்றாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவனிடம் சொன்ன அதே வார்த்தைதான். அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

நேரம் காலம் தெரியாமல் ரேடியோ வரப்பில் வந்து நின்றான். "என்னக்கா, வந்துட்டீங்களா? இனிமே பஸ்காரங்க நிம்மதியாப் போவாங்க. அண்ணன் பாவம்க்கா, பெஞ்சுல எத்தன பேச்சு கேட்டாரு! ஒவ்வொருத்தர்கிட்டயும், என்னக் கேக்காதீங்க, எல்லாம் எங்க வீட்டுக்காரி கிறுக்குன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சிருக்கும்."

"டேய், போடா நீ," என்றான் நூல்.

"அப்படியா சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவன் காலிலிருந்த சேற்றை வரப்பில் தேய்த்தான். அவள் மூலையில் முந்திப் பூத்து முற்றியிருந்த விதைநெற்றுகளை மட்டும் கொய்து அண்ணன் சாக்கில் போட ஆரம்பித்தாள். சாக்கின் அடிகூட நிறையவில்லை.

வீட்டில் மச்சான் சாப்பிட்டுவிட்டு வெளியே காற்றாடப் போனதும் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். தீட்டி வைத்த அரிவாள் மூலையில் அப்படியே இருந்தது.

"இன்னொரு போகம் போட்டுப் பாக்கலாம்," என்றான் மெதுவாக.

"பேசுனது ஒரு போகம்தான். கம்பி இறங்கல. சூளைக்காரர வரச் சொல்லுங்க."

"நான் ஏதோ, உங்க அண்ணன் வர்றாருன்னதும்…"

"எங்க அண்ணன் மேல போடாதீங்க." அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள், திரும்பவே இல்லை. "உங்களுக்கு மண்ணு தெரியாதா? உருட்டிப் பாக்காமலா வண்டிய எடுத்திருப்பீங்க? தெரிஞ்சேதான ஓட்டுனீங்க. நாலு பேரு சிரிச்சா உங்களுக்குத் தாங்காது. என்ன வெச்சுச் சிரிச்சா பரவாயில்ல, அதுக்கு நீங்களே எடுத்துக் குடுப்பீங்க. கிறுக்கிக்கு எதுக்குங்க இன்னொரு போகம்?"

அவள் அழுதிருந்தால் அவன் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். இனி இவள் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். முள்ளங்கி நாற்றம் துண்டிலிருந்து போகவில்லை.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகக்கூடாது என்றுதான் கிளம்பினான். கால் பழக்கம் விடவில்லை. சூளைக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு அங்கே வடை தின்றுகொண்டிருந்தார். எதிரே வயலில் அவளும் அண்ணனும் அந்த மூலையில் தழை அறுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

"என்ன நூலு, நறுவிசா உழுது வெச்சிருக்க? பேச்சு முடிஞ்சிதா? நாளைக்கு மண்ணு எடுக்க ஆள அனுப்பட்டுமா?"

"இவரு வீட்டுல கிறுக்குத் தெளிஞ்சிருச்சாம்," என்று ரேடியோ எடுத்துக்கொடுத்தான். பெஞ்சு சிரிக்கத் தயாரானது. எல்லோரும் நூலைப் பார்த்தார்கள், அவன் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லட்டும் என்று.

"அவளுக்குக் கிறுக்கு இல்ல," என்றான் நூல். குரலை உயர்த்தினான். "அவ செஞ்சது சரி. மண்ண இறுக்குனதே நான்தான். அந்த வயல்ல வண்டியும் லாரியும் ஏத்தி ஏத்திக் கெட்டிபண்ணது நானு. அவ முள்ளங்கி போட்டுத் தொறந்து விட்டா. மச்சான் வர்றாருன்னு மானத்துக்குப் பயந்து, ஈரத்துல வண்டிய விட்டு மறுபடியும் அடைச்சதும் நான்தான். மண்ணு நான் குடுக்குறதா இல்ல. அது என்னுதும் இல்ல, அவளுது. அவ குடுத்தாத்தான் உண்டு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சூளைக்காரர் வடையைப் பிட்டவர் வாயில் போடாமல் வைத்திருந்தார்.

டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா நூலு," என்றார், "என் வயல்லயும் கொஞ்ச நாளா தண்ணி நிக்குதே. நானும் விதைதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதையும் நீதான ஓட்டுன?"

"ஆமாண்ணே."

"போன தடவ இன்னும் ஈரம் இருக்குப்பா, ரெண்டு நாள் போகட்டும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அடுத்த வயலுக்குப் போற அவசரத்துல நான்தான் கேக்கல."

பெஞ்சில் ஒவ்வொருத்தராக அவன் முகத்திலிருந்து பார்வையை எடுத்தார்கள். எல்லோர் வயலும் அவன் ஓட்டியதுதான். ஒவ்வொருத்தரும் தங்கள் வயலில் தண்ணீர் நின்ற இடத்தை மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. எந்த வயலுக்கு என்ன ஈரத்தில் போனான் என்று அவனுக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ரோட்டைக் கடந்து அவள் வந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையெல்லாம் மண், அந்தக் கையில் கம்பி. பெண்கள் வந்து நிற்கிற கடை அல்ல அது. ரேடியோ எழுந்து இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

"உங்க வயலு மேட்டுப்பக்கம்தான அண்ணே?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள். "ஈரம் இருக்கும்போதே கம்பியப் போட்டுப் பாத்துடலாமா?"

"பாத்துடலாம்மா," என்று அவர் அடுப்பை அணைத்தார்.

நூல் பாக்கெட்டில் சாவியைத் தடவிக்கொண்டே எழுந்தான். மேட்டு வயல் தூரம். "இரு, வண்டிய எடுத்துட்டு வர்றேன்," என்றான்.

அவள் திரும்பி, நேற்றிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டி வேண்டாம்," என்றாள். "நடந்தே வாங்க."

அவளும் டீக்கடைக்காரரும் முன்னால் போனார்கள். பெஞ்சிலிருந்த மற்றவர்களும் கிளாஸை வைத்துவிட்டுக் கூடவே கிளம்பினார்கள். நூல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் நடந்தான். வழியெல்லாம் அவன் உழுத வயல்கள். வரப்பை விட்டு அவன் இறங்கவே இல்லை.